அக்காவைப் படமெடுக்கப் போன மடக்குக் கேமரா

மதராஸ் பேருந்து நிலையத்தில், சீட்டுக்கு மேலிருந்த தட்டில் எங்கள் துணிப்பையின் மேலே ஒருவர் நல்லெண்ணெய் டின்னை ஏற்றியபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "மூடி டைட்டா கீதும்மா, பயப்படாதீங்க" என்றார் அவர். திண்டிவனம் வரைக்கும் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. செஞ்சி தாண்டிப் பேருந்து ஒரு பள்ளத்தில் குதித்தது. முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் தலையைத் தடவிப் பார்த்தார், விரலை மோந்து பார்த்தார், பிறகு மேலே அண்ணாந்து பார்த்துக் கத்தத் தொடங்கினார். எங்கள் பையை இறக்கிப் பார்த்தபோது என் புடவைகளோடு சேர்த்துப் புதுக் கேமராவும் எண்ணெயில் ஊறியிருந்தது. பொத்தானை அழுத்தினால் எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் அந்தக் கேமராவை இந்தப் பயணத்துக்கென்றே வாங்கியிருந்தோம். இப்போது அழுத்தினால் ஒரு சொட்டு எண்ணெய் வந்தது.

"பரவாயில்ல சரோ, இது இருக்கே" என்று என் கணவர் தோளில் தொங்கிய சின்னப் பையைத் தட்டிக் காட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் பெயர் தேவராஜ். மலேசியாவில், தைப்பிங் நகரில், கேமரா பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். பகலெல்லாம் மற்றவர்களின் கேமராக்களைத் திறப்பார். வீட்டுக்கு வந்தால் தன்னுடையவற்றைத் திறப்பார். அவருக்குப் பித்து ஒரே வகையின் மேல்தான்: யுத்தத்துக்கு முன்னால் ஜப்பானில் செய்த மடக்குக் கேமராக்கள். மூடியிருக்கும்போது தோல் ஒட்டிய தட்டைப் பெட்டி மாதிரி இருக்கும். மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் முன்பக்கம் கதவு போல விழும். உள்ளிருந்து ஆர்மோனியத் துருத்தி மாதிரி ஒரு கறுப்பு மடிப்பு, நுனியில் லென்சோடு, துள்ளி வெளியே வரும். முதுகில் இரண்டு சிவப்புக் கண்ணாடிச் சன்னல்கள். அவற்றின் வழியே எண்ணைப் பார்த்துப் பார்த்து ஃபிலிமைச் சுற்ற வேண்டும். அவரிடம் இருந்தவற்றில் மிகச் சிறியதைத்தான் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். பழைய சீனர் ஸ்டூடியோ ஒன்றை மூடியபோது குப்பையோடு குப்பையாகக் கிடந்தது அது. துருத்தியில் இருந்த ஊசித்துளைகளை ராத்திரி விளக்கு வைத்துத் தேடித் தேடி அடைத்திருந்தார்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குக் கட்டை சுமந்துவிட்டு உயிரோடு திரும்பியவர் என் அப்பா. அவர் இருந்தவரை இந்தக் கேமராக்கள் எங்கள் வீட்டுப் படியைத் தாண்டியதில்லை. யுத்தத்துக்கு முன் எங்கள் பக்கத்து ஊர்களில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜப்பான்காரர்களில் சிலர், யுத்தம் வந்ததும் பட்டாளச் சட்டையில் வந்து நின்றார்கள் என்பது பெரியவர்கள் பேச்சு. படமெடுக்க வருகிறவனை நம்பக் கூடாது என்பது அப்பாவின் கட்சி.

நாங்கள் வந்த வேலையே படமெடுப்பதுதான். அம்மா இதய நோயோடு படுக்கையில் இருந்தார். கப்பலோ விமானமோ இனி அவரால் ஆகாது. "பெரியவ மூஞ்சியை ஒரு தடவை பார்க்கணும்" என்றார். பெரியவள் என்றால் என் அக்கா முனியம்மா. நான் பார்த்தே இராத அக்கா. யுத்தம் முடிந்து அப்பா ஊருக்கு வந்து, கல்யாணம் செய்து, மனைவியையும் மூன்று வயதுக் குழந்தையையும் மலாயாவுக்கு அழைத்துப் போகக் கிளம்பியபோது குழந்தைக்கு அம்மை வார்த்துவிட்டது. அம்மைக் குழந்தையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அடி அண்ணாமலையில் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த முறை வந்து கூட்டிப் போகலாம் என்று ஏறிவிட்டார்கள். அதற்குள் மலாயாவில் குடியேற்றச் சட்டம் மாறி, அவளைக் கூட்டிப் போக முடியாமல் போனது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஏதோ மனத்தாங்கல் வந்து கடிதமும் நின்றது. நான் தைப்பிங்கில் பிறந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கதை.

திருவண்ணாமலையில் இறங்கியதும் மலைதான் முதலில் தெரிந்தது. எங்கள் ஊர் மலைகள் எப்போதும் மழைக்குள் ஒளிந்திருக்கும். இது ஒரு மேகமும் இல்லாமல், கல்லும் புதருமாக, கடைகளுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. பசி. தள்ளுவண்டிக்காரரிடம், "ஒரு பொட்டலம் கச்சான் குடுங்க" என்றேன். வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர்.

அவர் கை நின்றது. "மல்லாட்டையா? நீங்க சிலோனா?"

"இல்லிங்க, மலேசியா."

"பேச்சு சிலோன் மாதிரி கீதே" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டே பொட்டலம் மடித்தார். அது தொண்ணூறுகளின் தொடக்கம். பேச்சில் கொஞ்சம் வாசனை மாறினாலே ஊரில் எல்லோரும் அந்தக் கேள்வியைக் கேட்ட காலம். விடுதி மேனேஜரும் அதையே கேட்டார். எங்கள் கடவுச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தப்பா நினைச்சிக்காதீங்க. புதுசா யாரு வந்தாலும் ஸ்டேஷனுக்குச் சொல்லணும், அதான்." நான் தப்பாக நினைக்கவில்லை. எண்ணெய்ப் புடவைகளைத் துவைக்கச் சோப்பு கேட்டேன். அதற்கும் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

மறுநாள் டவுன் பஸ் பிடித்து அடி அண்ணாமலை போனோம். அக்கா வீட்டைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. மலை சுற்றும் பாதையிலேயே பௌர்ணமிக் கூட்டத்துக்கென்று ஒரு சோடாக் கடை. பின்னால் வீடு, அதற்கும் பின்னால் மல்லாட்டைக் கொல்லை. கடை முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்து ஒரு பெண் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைக் கொஞ்சம் வெயிலில் காயவைத்த மாதிரி இருந்தது அவள் முகம்.

"அக்கா, நான் சரோஜா. மலேசியாவிலருந்து வரேன். கோவிந்தன் மக."

"எந்த கோவிந்தன்?"

"நம்ம அப்பா."

"உன் அப்பா" என்றாள். விரல்கள் நிற்கவில்லை. படக் படக்கென்று ஓடு உடைந்துகொண்டே இருந்தது. அம்மாவின் உடம்பைப் பற்றிச் சொன்னேன். ஒரு படம் எடுத்துப் போகத்தான் வந்தோம் என்றேன். அவள் தேவராஜின் தோள்பையை ஒரு பார்வை பார்த்தாள்.

"என் கல்யாணத்துக்கு யாரு வந்தீங்க? நான் செத்தனா பொழைச்சனானு யாரு கேட்டீங்க? இப்ப மூஞ்சி மட்டும் வேணுமாமே. போங்க, வேல கீது."

அவள் கணவர் ஏழுமலைதான் எங்களைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டார். மெலிந்த, சத்தமில்லாத மனிதர். "நாளைக்கு வாங்க" என்றார். "அது இன்னிக்கு இல்லனு சொன்னா நாளைக்கு யோசிக்கும்."

அன்று சாயங்காலம் கோயில் பக்கம் நடந்தோம். ஓர் உணவகத்தில் இட்லிக்கு மல்லாட்டைச் சட்னி ஊற்றினார்கள். நன்றாகத்தான் இருந்தது. எனக்கு இறங்கவில்லை. இன்னும் சில நாட்களில் எங்களுக்கு விமானம். அம்மாவுக்கு எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் போனபோது அக்கா இரண்டு தட்டு வைத்தாள். கேழ்வரகுக் களி, நடுவில் குழி, அதில் கீரைக் குழம்பு. நான் களியைப் பார்த்ததில்லை. வாயில் போட்டு மென்றேன். மெல்ல மெல்ல அது வாய்க்குள் பெருகியது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண் பிதுங்கிப் போய் உட்கார்ந்திருந்தேன்.

"களியை மெல்லக் கூடாது. முழுங்கணும்" என்றாள் அக்கா. உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

சாப்பிட்டு முடித்ததும் அவளே சொன்னாள். "ஒண்ணு. ஒரே ஒரு போட்டோ. அப்பால இந்தப் பக்கம் வரக் கூடாது."

வெளியே வர மாட்டேன் என்றுவிட்டாள்; தெருவில் எல்லோரும் பார்ப்பார்களாம். வீட்டுக்குள் வெளிச்சம் வாசல் வழியாக மட்டும்தான். தேவராஜ் மூன்று கால் ஸ்டாண்டை விரித்து, கேமராவைத் திறந்து பொருத்தினார். துருத்தி துள்ளி வந்ததைப் பார்த்து ஏழுமலை ஓரடி பின்னால் போனார். வெளிச்சம் கம்மி என்பதால் லென்சைச் சில நொடி திறந்து வைக்க வேண்டும். கை பட்டால் ஆடிவிடும். அதனால் ஒரு நீளக் கம்பியைத் திருகி, அதன் நுனியில் இருந்த குமிழைக் கட்டைவிரலால் அழுத்தினார். "ஆடாம இருங்கக்கா. ஒண்ணு, ரெண்டு, மூணு…" அவர் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது. நான் வெளிச்சத்தை மறைக்காமல் வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்றிருந்தேன்; அங்கிருந்து அவள் முகம் தெரியவில்லை. "ஆச்சு" என்றார். அக்கா எழுந்தாள். "எடுத்தாச்சில்ல? கிளம்புங்க."

ஃபிலிமில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. முழுதும் எடுத்து முடித்துவிட்டு, தைப்பிங் போய்த் தன் கையால் கழுவுவதாகத் தேவராஜ் சொன்னார். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். இந்தப் பிடிவாதத்தோடு இருபது வருஷம் குடித்தனம் செய்தவள் நான், தலையாட்டினேன்.

நான்காம் நாள் காலை, மலையை இளவெயிலில் எடுக்கிறேன் என்று அவர் வேங்கிக்கால் பக்கம் கிளம்பினார். அங்கே ஒரு திறந்த மைதானத்திலிருந்து மலை முழுசாகத் தெரிகிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் அறையில் புடவைகளுக்கு இரண்டாம் முறை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். மேனேஜர் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி வரும் சத்தம் கேட்டது.

"ம்மா, உங்க வூட்டுக்காரரைப் போலீஸ்காரங்க இஸ்துகினு போயிட்டாங்க! மந்திரி ஹெலிகாப்டர் எறங்கற கிரவுண்டுல ஏதோ மெஷினை நட்டு வெச்சிகினு இருந்தாராமே?"

கையில் சோப்பு நுரையோடு ஓடினேன்.

காவல் நிலையத்து முற்றத்தில் வேப்பமரத்தடியில் மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கியிருந்தார்கள். நடுவில், தனியாக, மூடியபடி எங்கள் கேமரா. இருந்த காவலர்கள் எல்லோரும் முற்றத்தின் மறுகோடியில் நின்றார்கள். தேவராஜ் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் அறுந்திருந்தன. என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "சரோ, பின்பக்கத்தைத் திறக்க விடாதே."

நடந்ததை இன்ஸ்பெக்டரே சொன்னார். மந்திரி வருகிற நேரம். ஒருத்தன் மைதானத்து ஓரத்தில் கறுப்புப் பெட்டியை மூன்று கால் மேல் நிறுத்தி, கம்பியைப் பிடித்துக்கொண்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தான். பிடிக்கப் போனவர்கள் கையில் பெட்டி படக்கென்று மூடிக்கொண்டது. முதுகில் இரண்டு சிவப்புக் கண்கள். ஒரு கான்ஸ்டபிள் திறக்கப் போனபோது இவன் "திறக்காதீங்க! திறந்தா எல்லாம் போச்சு!" என்று அலறினானாம். கான்ஸ்டபிள் பெட்டியைப் புல்லில் எறிந்துவிட்டு ஓடியிருக்கிறார்.

"உள்ள இன்னா இருக்குனு கேட்டேன்மா. 'என் பொண்டாட்டியோட அக்கா இருக்காங்க'ன்றாரு. நான் இன்னா நினைக்கறது?"

நடுவயதுக்காரர். கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

"சார், அது கேமரா. யுத்தத்துக்கு முன்னாடி ஜப்பான்ல செஞ்சது. நான் திறந்து காட்டறேன். முன்பக்கம் மட்டும்."

"தூரத்துல நின்னு சொல்லுங்க."

"தூரத்துல நின்னா எப்படிங்க திறக்கறது?"

அவர் காவலர்களை இன்னும் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு கையை அசைத்தார். நான் மணல் மூட்டைகளுக்குள் போய் உட்கார்ந்தேன். எத்தனையோ முறை அவர் திறந்து பார்த்திருக்கிறேன்; நான் தொட்டதில்லை. இந்தக் கேமராக்களை வீட்டில் தூசு தட்டக்கூட மாட்டேன் என்று சபதம் செய்தவள். விரலுக்குப் பொத்தான் அகப்படவில்லை. சோப்பு வேறு வழுக்கியது. எறிந்த வேகத்தில் பின்கதவு நெகிழ்ந்திருந்தால், நான் அழுத்துகிற அழுத்தில் அது திறந்துகொண்டால், அக்கா போய்விடுவாள். ஒருவழியாகப் பொத்தான் அமுங்கியது. கதவு டப்பென்று விழுந்து துருத்தி துள்ளியது. முற்றத்தில் இரண்டு பேர் கீழே படுத்துவிட்டார்கள்.

லென்சு வெயிலில் மினுங்கியது. இன்ஸ்பெக்டர் நெருங்கி வந்து குனிந்து பார்த்தார்.

"கேமரா மாதிரிதான் கீது" என்றார். "அதனால சரின்னு விட்டுட முடியாது. கிரவுண்டை எதுக்கு எடுத்தாருனு தெரியணும். நீங்க பேசறது சிலோன் பேச்சு. பாஸ்போர்ட்டு மலேசியான்றீங்க. இதையெல்லாம் வேலூருக்கு அனுப்பி, அங்க பெரியவங்க பிரிச்சிப் பார்த்து, அப்பால சொல்வாங்க. அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஊரை விட்டுப் போகக் கூடாது."

பிரித்துப் பார்ப்பார்கள். பகல் வெளிச்சத்தில். படம் அழிந்துவிடும்.

"சார், எனக்கு இந்த ஊர்ல அக்கா இருக்கு. அடி அண்ணாமலையில."

"அப்படியா? கூட்டிகினு வாங்க. உள்ளூர் ஆள் யாராச்சும் வந்து சொல்லட்டும். அப்ப யோசிக்கலாம்."

தேவராஜ் என்னைப் பார்த்தார். இனி இந்தப் பக்கம் வராதே என்று சொன்னவளிடம் போய் என்ன கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

ஆட்டோ பிடித்தேன். செங்கம் ரோட்டை மந்திரிக்காக அடைத்திருந்தார்கள். தடுப்புக்கு முன்னால் மாட்டு வண்டியும் லாரியும் பள்ளிப் பிள்ளைகளும் குவிந்திருந்தார்கள். நான் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து விரலை நெரித்தேன். டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். "இந்தப் பக்கம் அடைச்சா அந்தப் பக்கம் சுத்திப் போலாம்மா. மலை எங்க போயிடப் போவுது?" கொஞ்ச தூரம் போனதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மலையை எடமா சுத்தறோம், தப்புதான். அவசரம்னு சாமிக்கே தெரியும்."

அக்கா அன்றும் மல்லாட்டைதான் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. நான் ஆட்டோவை விட்டு இறங்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டே சொன்னேன். கேட்டு முடித்தவள் ஒரு பிடி மல்லாட்டையை முறத்தில் போட்டாள். எழுந்தாள். உள்ளே போனாள். வரவே மாட்டாள் என்று நினைத்தேன். முகம் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள். "கடையைப் பார்த்துக்கோ" என்று ஏழுமலையிடம் சொல்லிவிட்டு, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி ஏறினாள்.

வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கோயில் கோபுரம் தெரிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி.

"அதுக்கு முடி நரைச்சிடுச்சா?"

அம்மாவைத்தான் கேட்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. "முழுசா நரைச்சிடுச்சுக்கா."

அவள் மறுபடி வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

இன்ஸ்பெக்டர் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"இவங்க உங்க தங்கச்சியாம்மா?"

"அப்படின்னு சொல்லிகினு வந்தாங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க சொல்லுங்கம்மா. ஆமாவா, இல்லியா?"

"நான் எப்படி சார் சத்தியம் பண்றது? எனக்கு மூணு வயசுல அம்மை வார்த்துது. எங்கம்மா கப்பல் ஏறிடுச்சி. இவ அப்பால பொறந்தவளாம். எங்கம்மா மூஞ்சியே எனக்கு ஞாபகம் இல்ல. அது ஜாடை இவளுக்குக் கீதான்னு நான் எதை வெச்சி சொல்லுவேன்?"

தேவராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தாள்.

"ஆனா அந்தப் பெட்டி போட்டோ எடுக்கறதுதான். நேத்து என்னை உக்கார வெச்சி எடுத்தாங்க. அப்பால, இவ வந்த நாளா பார்க்கறேன், அழுகை வந்தா கீழ் உதட்டைக் கடிக்கறா. பாருங்க, இப்பவும் கடிக்கறா. என் பொண்ணும் அதே மாதிரி கடிக்கும். இவளைப் பார்த்தா கத்துக்கிச்சி?"

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் உதட்டை விட்டேன்.

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். "வேலூருக்கு வேணாம். இங்கியே கழுவிப் பார்க்கலாம். பக்கத்து போட்டோ ஸ்டூடியோக்காரர் இருட்டறையில பிரிப்பாரு, என் ஆள் வாசல்ல நிப்பாரு. கிரவுண்டு, மேடை, அந்த மாதிரி ஏதாச்சும் இருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

தேவராஜ் வாயைத் திறந்தார். தன் ஃபிலிமை வேறு ஒருவர் கழுவப் போகிறார். நான் அவர் காலை மிதித்தேன். வாயை மூடிக்கொண்டார்.

காத்திருந்தோம். மந்திரியின் ஹெலிகாப்டர் மேலே போனபோது நிலையத்தின் ஓடுகள் அதிர்ந்தன. காவலர்களில் மற்றவர்கள் பந்தோபஸ்துக்குப் போய்விட, மீதி இருந்த ஒருவர் எங்களுக்கு டீ வாங்கி வரச் செய்தார். தேவராஜ் குடிக்கவில்லை. கீழே எறிந்தபோது வெளிச்சம் புகுந்திருக்கும், துருத்தி கிழிந்திருக்கும், கழுவுகிற மருந்து சூடாக இருந்தால் எல்லாம் உருகிவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா பெஞ்சின் மறுநுனியில் உட்கார்ந்து தன் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். என்னுடையதையும் எடுத்துக் குடித்தாள்.

மந்திரி திரும்பிப் போன பிறகு ஸ்டூடியோக்காரர் வந்தார். கையில் ஈரம் காயாத ஃபிலிம் சுருள். இன்ஸ்பெக்டர் அதைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒவ்வொரு படமாகக் கீழிருந்து மேலே பார்த்தார். மலை. மலை. கோபுரம். ஒரு டவுன் பஸ். மறுபடி மலை. மைதானத்தில் எடுத்தவற்றிலும் மலைதான், கீழே நாலைந்து ஆடுகள்.

"இன்னாய்யா இது, இத்தனை தடவையும் மலையேவா?" என்றார். முதல் தடவையாக முகம் தளர்ந்தது. "சரி, போங்க. மந்திரி வர்ற நாள்ல கிரவுண்டுப் பக்கம் போகாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நான் சுருளை வாங்கி அதில் அக்காவைத் தேடினேன். இருந்தாள். வீட்டுச் சுவர் தெளிவாக இருந்தது. முக்காலி, புடவைக் கரை, மடியில் வைத்த கைகள், வளையல் உட்பட எல்லாம் துல்லியம். கழுத்துக்கு மேலே மட்டும் புகை இழுத்த மாதிரி ஒரு தீற்றல். முகம் இல்லை.

தேவராஜ் என் தோளுக்கு மேலே பார்த்தார். "ஆடிட்டாங்க" என்றார் மெதுவாக.

"ஆடல" என்றாள் அக்கா. "திரும்பிக்கினேன். நீங்க ஒண்ணு ரெண்டு எண்ணும்போது. வேணும்னுதான்."

கோபம் வரவில்லை. இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றியது இதையா என்றுதான் இருந்தது. சுருளை மெல்லச் சுற்றிப் பையில் வைத்தேன். "வாங்கக்கா, ஆட்டோவுல கொண்டுபோய் விட்டுடறோம்" என்றேன்.

அவள் நகரவில்லை. வாசலைப் பார்த்தாள். அங்கே நல்ல வெயில். வராந்தாவில் ஒரு மரப் பெஞ்சு.

"அந்தப் பெட்டியில இன்னும் ரீலு போட முடியுமா?"

ஸ்டூடியோக்காரர் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. தேவராஜ் அவரோடு ஓடினார். அவ்வளவு வேகமாக அவர் ஓடி நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து நிழலில் நின்று புது ஃபிலிமை மாட்டினார். அக்கா வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். நான் பக்கத்தில் உட்காரட்டுமா என்று கேட்டேன்.

"நீ வேணாம். நான் மட்டும்" என்றாள். "அது என்னை நேராப் பார்க்கட்டும்."

இந்த முறை எண்ணத் தேவையில்லை, வெயில் போதும். அவள் இமைக்காமல் லென்சைப் பார்த்தாள். பின்னால் தூண் ஓரத்தில் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் நகரச் சொல்லலாமா என்று நான் நினைப்பதற்குள் தேவராஜ் அழுத்திவிட்டார்.

அந்த ஃபிலிமை யாரிடமும் கொடுக்கவில்லை. தைப்பிங் வந்து சேர்ந்த அன்றே தேவராஜ் அதைக் கழுவிப் பெரிதாகப் போட்டுக்கொண்டு வந்தார். வெளியே வழக்கமான மழை. அம்மாவைச் சாய்த்து உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டிவிட்டு, படத்தைக் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் நெற்றியைத் தொட்டார், பிறகு மூக்கை. பின்னால் நிற்கிற போலீஸ்காரர் யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"கோவமா இருக்கா" என்றார்.

"ஆமாம்மா."

"இருக்கட்டும்" என்றார் அம்மா. "படுத்தா தெரியற மாதிரி, எனக்கு எதிர்ல மாட்டு."